கார்னர்ல நிக்கிற ஆள்: சேரலாதன் அண்ணாவும் ஸ்கோர்போர்டுல ஏறாத வேலையும்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு லிசனர் மெயில் போட்டிருந்தார். "ப்ரோ, அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி ஒரு எபிசோடு பண்ணுங்க, அந்த அஃபென்சிவ் லைன்மேன்னு ஒருத்தங்க இருக்காங்களே, அவங்க என்னதான் பண்றாங்க?" அப்படின்னு. நல்ல கேள்வி. பதில் தேடி ஒரு வாரம் உக்கார்ந்தேன். கடைசியில நான் போய் நின்ன இடம் கந்தர்வகோட்டை பக்கத்துல இருக்கிற எங்க ஊர் கபடி களம். எப்படி அங்க போனேன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

முதல்ல அந்த அமெரிக்க விஷயத்தை முடிச்சிடுவோம். பந்தை எறியிறவர் குவார்ட்டர்பேக். அவர்தான் ஹீரோ, விளம்பரத்துல வர்றவர். அவருக்கு முன்னாடி அஞ்சு பேர் சுவர் மாதிரி நிப்பாங்க. ஒவ்வொருத்தரும் சுமார் 135, 140 கிலோ. எதிரணி ஓடி வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்காம பாத்துக்கணும், அதுதான் இவங்க வேலை. பொதுவா இவங்களுக்கு பாஸ் வராது, இவங்க பேர்ல ஸ்கோர் ஏறாது. டிவியில இவங்க பேர் வர்றதே பெரும்பாலும் தப்பு பண்ணும்போதுதான். எதிராளியைப் பிடிச்சு நிறுத்திட்டா 'ஹோல்டிங்'னு பத்து கெஜம் அபராதம், அப்ப ரெஃப்ரி மைக்ல ஜெர்சி நம்பரைச் சொல்வார்.

'தி பிளைண்ட் சைடு' படம் பாத்திருப்பீங்க. 2009ல வந்தது, மைக்கேல் ஓஹர் கதை. அந்தத் தலைப்புக்குப் பின்னாடி ஒரு சம்பவம் இருக்கு. 1985 நவம்பர்ல லாரன்ஸ் டெய்லர்ங்கிற ஆட்டக்காரர் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனைச் சாய்ச்சதுல அவர் கால் எலும்பு முறிஞ்சு போச்சு. தைஸ்மன் அதுக்கப்புறம் ஆடவே இல்ல. வலது கைக்காரருக்கு இடது பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நிக்கிறவர்தான் லெஃப்ட் டேக்கிள். அந்த இடத்தோட மதிப்பு மெதுவாத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுது. 1993ல வீரர்கள் சுதந்திரமா அணி மாறலாம்னு ஒப்பந்தம் வந்ததும், வில் வுல்ஃபோர்டுனு ஒரு லெஃப்ட் டேக்கிள், "எங்க அஃபென்ஸ்ல எனக்குத்தான் அதிக சம்பளம்"னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கினார். ஹீரோவை விட பாதுகாவலருக்கு அதிகம். அங்க அது பெரிய சத்தமாச்சு.

எனக்கு மனசுல தங்கின பேர் ஜோ தாமஸ். க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி. 2007ல சேர்ந்தார். 2017 அக்டோபர்ல கை தசை கிழியிற வரைக்கும் 10,363 ஸ்னாப், அதாவது ஆட்டம் தொடங்குற அத்தனை தடவையும், ஒண்ணுகூட விடாம களத்துல நின்னார். அவர் காத்து நின்ன குவார்ட்டர்பேக்குங்க 20 பேர். அத்தனை பேர் மாறினாங்க, இவர் மட்டும் அதே இடத்துல. அணி ஒரு தடவைகூட பிளேஆஃப் போகல. 2023ல அவரை ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க.

இதைப் படிச்சப்ப எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரே ஒரு ஆள். தர்மராஜ் சேரலாதன்.

பேரைக் கேட்டதும் சங்ககாலச் சேர மன்னர்னு நினைச்சா தப்பில்ல, அந்தப் பேர்தான். ஆனா நான் சொல்ற சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975ல பிறந்தவர், கபடியில ரைட் கார்னர். ப்ரோ கபடி லீக் பாக்கிறவங்களுக்கு அவர் 'அண்ணா'. கமெண்டேட்டர் இந்தியில பேசிக்கிட்டே இருப்பார், நடுவுல "அண்ணா"ன்னு வந்து விழும். அரியானாக்காரப் பசங்க, ஈரான்காரங்க, எல்லாருக்கும் அவர் அண்ணாதான். தமிழ் வார்த்தை ஒண்ணு வட இந்திய டிவியில கிண்டல் இல்லாம ஒலிச்ச இடம் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

கபடியில கார்னர்னா என்னன்னு சொல்லிடறேன், தெரிஞ்சவங்க ஒரு நிமிஷம் ஃபார்வர்ட் பண்ணிக்கோங்க. களத்துல ஏழு பேர். ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு கார்னர். அவங்களுக்கு அடுத்து 'இன்', அப்புறம் 'கவர்', நடுவுல ஒருத்தர். பாடி வர்றவர் முப்பது செகண்டு இருப்பார். அந்த முப்பது செகண்டுல கார்னர் முழங்காலை மடக்கி, கையைத் தாழ்த்தி, பக்கத்துல நிக்கிறவர் கையைக் கோத்துக்கிட்டு, ரைடரோட காலை மட்டுமே பாத்துக்கிட்டு இருப்பார். முகத்தைப் பாத்தா ஏமாந்துடுவீங்க, கால் பொய் சொல்லாதுன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்வாங்க.

கால் கிட்ட வந்த அந்த அரை நொடியில குதிச்சு கணுக்காலைப் பிடிக்கணும். அதுதான் ஆங்கிள் ஹோல்டு. சீக்கிரம் பாய்ஞ்சா ரைடர் தாண்டிடுவார், லேட்டா பாய்ஞ்சா கால் நுனியால தொட்டுட்டுப் போயிடுவார். பிடிச்சாலும் மத்தவங்க வந்து விழணும், இல்லன்னா எண்பது கிலோ ஆள் உங்களை இழுத்துக்கிட்டே கோட்டைத் தொட்டுடுவார். தனியா கார்னர் பிடிச்ச பிடி பாக்க அழகா இருக்கும். உண்மையில பெரும்பாலான பிடி ரெண்டு மூணு பேர் சேர்ந்து முடிக்கிறதுதான். ஆனா டேக்கிள் பாயிண்ட் ஏர்றது ஒருத்தர் பேர்லதான். மேல வந்து விழுந்த கவருக்கு? ஒண்ணுமில்ல. முதுகுல ஒரு தட்டு.

இன்னொரு விஷயம் இருக்கு. அதுதான் என்னை இந்த எபிசோடு பண்ண வச்சது. ரைடர் வந்தார், முப்பது செகண்டு சுத்தினார், கார்னர் இடமே கொடுக்கல, தொட முடியாம திரும்பிப் போனார். எம்ப்டி ரெய்டு. ஸ்கோர் மாறல. இப்ப ஜெயிச்சது யாரு? டிஃபென்ஸ். ஆனா எந்த டிஃபென்டர் கணக்குலயும் எதுவும் ஏறாது. ஜோ தாமஸோட பத்தாயிரம் ஸ்னாப் மாதிரி, ஒண்ணும் நடக்காம பாத்துக்கிட்டதுதான் அங்க வேலை. நம்ம ஐடியில புரொடக்‌ஷன் சர்வரைப் பாத்துக்கிற டீம் இருக்காங்க இல்லையா? வருஷம் முழுக்க சைட் டவுன் ஆகலன்னா அப்ரைசல்ல மேனேஜர் கேப்பார், "இந்த வருஷம் நீங்க என்ன பண்ணீங்க?" (சிரிப்பு) நான் ரெண்டு வருஷம் அந்த டீம்ல இருந்தேன். அதனால இது எனக்குக் கொஞ்சம் பர்சனல்.

ப்ரோ கபடி வந்ததும் 'டூ ஆர் டை'னு ஒண்ணு வந்தது. தொடர்ந்து ரெண்டு ரெய்டு காலியா போனா மூணாவதுல பாயிண்ட் எடுத்தே ஆகணும், இல்லன்னா ரைடர் அவுட். எம்ப்டி ரெய்டுக்கு முதல் தடவையா ஒரு விலை கிடைச்சது. ஆனா அந்த மூணாவது ரெய்டுல பிடிச்சவருக்குத்தான் பாயிண்ட். முதல் ரெண்டு ரெய்டை நிறுத்தினவருக்கு இல்ல.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

சேரலாதன் இளைஞரா இருந்தப்ப கபடி ஆடறவருக்கு என்ன கிடைச்சுது? 1990ல பெய்ஜிங் ஏசியன் கேம்ஸ்ல கபடி சேர்ந்தது, இந்தியா தங்கம் எடுத்தது. நம்ம பக்கத்துலேர்ந்து ராஜரத்தினம், அப்புறம் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வரைக்கும் போனாங்க. 'பைசன்' பாத்தவங்களுக்கு கணேசன் பேர் இப்ப தெரியும், மாரி செல்வராஜ் அவர் வாழ்க்கையிலேர்ந்துதான் அந்தக் கதையை எடுத்தார். ஆனா அது உச்சத்துக்குப் போன சில பேரோட கதை. மத்தவங்களுக்கு கபடின்னா ஒரே ஒரு கணக்குதான்: அரசு வேலை. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வங்கி, பொதுத்துறை நிறுவனங்கள். டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடுவாங்க, மாசச் சம்பளம், ரிட்டயர்மென்ட் வரைக்கும் பாதுகாப்பு. நேஷனல்ஸ் ஆடின சர்டிஃபிகேட் ஒரு பேப்பர்தான். ஆனா வீட்டுல அதை லேமினேட் பண்ணி நிலப் பத்திரத்தோட ஒரே டிரங்குப் பெட்டியில வச்சிருப்பாங்க.

டிவி கிடையாது. ஏலம் கிடையாது. ஒரு அணி உங்களை 'வாங்கும்'ங்கிற வார்த்தையே கிடையாது.

எங்க பக்கம் இருந்தது மின்னொளிக் கபடி. புதுக்கோட்டை மாவட்டத்துல பொங்கல் சமயத்துலயும் கோயில் திருவிழா சமயத்துலயும் போஸ்டர் ஒட்டுவாங்க, "மாபெரும் மின்னொளி கபடி போட்டி". கீழே முதல் பரிசு ரொக்கம், சுழற்கோப்பை, கொடுக்கிறவர் பேர், அவரோட போட்டோ. போட்டோ பெருசா இருக்கும், பரிசுத் தொகை சின்னதா இருக்கும். சாயங்காலம் எடை பாப்பாங்க. எடைப் பிரிவுக்கு மேல அரைக் கிலோ இருந்தா பையன் ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வந்து மறுபடி தராசுல ஏறுவான். மேட்ச் ஆரம்பிக்க ராத்திரி பத்து ஆயிடும். ஃபைனல் விடியற்காலை நாலு மணிக்கு, பனியில. களம் செம்மண். தண்ணி தெளிச்சு, கல் பொறுக்கி, சுண்ணாம்புல கோடு போட்டிருப்பாங்க. மைக்ல ஒருத்தர் விடாம பேசிக்கிட்டே இருப்பார், அவர் வாயில வர்ற பேரெல்லாம் ரைடர் பேர்தான். "பாடி வருகிறார், பாடி வருகிறார்..." யாராவது "நின்னு பிடிக்கிறார்"னு வருணனை பண்ணிக் கேட்டிருக்கீங்களா?

எங்க பெரியப்பா மகன் ஒருத்தர் லெஃப்ட் கார்னர். பேர் வேண்டாம், திட்டுவார். எனக்கு அவர் அண்ணன், என்னை விட எட்டு வயசு மூப்பு. ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம், ஒரத்தநாடுன்னு சுத்து வட்டாரத்துல நாலு அணிக்கு ஆடியிருக்கார். ராத்திரி வண்டியில கூட்டிட்டுப் போய் விடியறப்ப பஸ்ஸ்டாண்டுல இறக்கி விடுவாங்க, கையில சாப்பாட்டுக் காசு. அவர் அணி ஜெயிச்ச ஒரு ஃபைனல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கடைசி ரெண்டு நிமிஷம், ரெண்டு பாயிண்ட் முன்னிலை. எதிரணியோட பெரிய ரைடர் மூணு தடவை அண்ணன் பக்கமே வந்தார். மூணு தடவையும் அண்ணன் பாயல. அசையாம இருந்தார். ரைடர் வெறுங்கையோட திரும்பிப் போனார். மேட்ச் முடிஞ்சதும் 'சிறந்த ஆட்டக்காரர்'னு ஒரு மின்விசிறி கொடுத்தாங்க, ரைடருக்கு. அதுவும் தோத்த அணி ரைடருக்கு! அண்ணன் வீட்டுக்கு வர்ற வழியில ஒரு வார்த்தைகூட பேசல. வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, "டேய், நான் பாஞ்சிருந்தா தோத்திருப்போம்டா, அது யாருக்காச்சும் தெரிஞ்சுதா?"ன்னு கேட்டார். எனக்கு அப்ப பதிமூணு வயசு. எனக்கும் தெரியலங்கிறதை நான் சொல்லல.

ரெண்டு வருஷம் கழிச்சு முழங்கால் ஜவ்வு கிழிஞ்சுது. கார்னருக்கு வர்ற காயம் பெரும்பாலும் அங்கதான், முழு உடம்பும் ஒரு மடங்கின முட்டி மேல நிக்குது, அதுமேல நாலு பேர் வந்து விழறாங்க. ஆபரேஷன் பண்ணக் காசு இல்ல. நேஷனல்ஸ் சர்டிஃபிகேட்டும் இல்ல. இப்ப தென்னந்தோப்பு குத்தகை பாக்கிறார்.

2014 ஜூலை 26. ப்ரோ கபடி லீக் ஆரம்பம். ஆனந்த் மஹிந்திராவும் சாரு சர்மாவும் சேர்ந்து தொடங்கினது. எட்டு அணி. மேட், ஷூ, கலர் லைட்டு, ஸ்டார் ஸ்போர்ட்ஸ். முதல் ஏலத்துல அதிக விலை ராகேஷ் குமாருக்கு, பன்னிரண்டு லட்சத்து எண்பதாயிரம். அன்னைக்கு சேரலாதனுக்கு வயசு 39. ஒரு நிமிஷம் இதை யோசிங்க. சச்சின் 40 வயசுல ரிட்டயர் ஆனார். இந்த மனுஷனை நாடு முதல் தடவையா டிவியில பாக்கும்போது வயசு 39. நாம பாத்தது அவரோட கேரியரோட கடைசி அத்தியாயத்தை மட்டும்தான்.

அந்தக் கடைசி அத்தியாயமே எட்டு சீசன் நீளம்.

நாலாவது சீசன், 2016. பாட்னா பைரேட்ஸ் கேப்டன் சேரலாதன். அணியில பர்தீப் நர்வால்னு ஒரு பத்தொன்பது வயசுப் பையன், என் வயசுக்காரன். இன்னொரு கார்னர்ல ஈரான்லேர்ந்து வந்த ஃபாஸல் அத்ராச்சலி, வயசு 24. ஜூலை 31, ஞாயித்துக்கிழமை, ஹைதராபாத்ல ஃபைனல், ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸுக்கு எதிரா. நான் அப்ப இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தேன், ஹாஸ்டல் மெஸ்ல நாற்பது பேர் ஒரு டிவி முன்னாடி. 37-29, பாட்னா ஜெயிச்சது. பர்தீப் 16 பாயிண்ட். மறுநாள் எல்லாரும் பேசினது பர்தீப்பைப் பத்தி, நியாயம்தான். ஆனா கோப்பையைத் தூக்கினது 41 வயசு தஞ்சாவூர்க்காரர். மெஸ்ல ஒருத்தன் கத்தினான், "டேய் எங்க சித்தப்பா மாதிரி இருக்காருடா". நிஜமாவே அப்படித்தான் இருந்தார்.

அந்த வருஷமே அக்டோபர்ல அகமதாபாத்ல உலகக் கோப்பை. பதினாலு பேர் இந்திய அணியில சேரலாதனும் இருந்தார். முதல் மேட்ச்லயே தென்கொரியாகிட்ட 32-34னு தோத்து அசிங்கப்பட்டு, அப்புறம் எழுந்து வந்து ஃபைனல்ல ஈரானை 38-29னு ஜெயிச்சாங்க. அஜய் தாக்கூர்தான் அன்னைக்கு ஹீரோ. 41 வயசுல ஒருத்தருக்கு உலகக் கோப்பைப் பதக்கம். எந்த விளையாட்டுல இது சாதாரணமா நடக்கும், சொல்லுங்க?

அப்புறம் அவர் போன பாதையை வரிசையா பாருங்க. 2017ல புனேரி பல்டன். 2018ல யு மும்பா. 2019ல அரியானா ஸ்டீலர்ஸ், அங்கயும் கேப்டன், வயசு 44. ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் எட்டாவது சீசன்ல, அது 2021 டிசம்பர்ல தொடங்கினது, வயசு 46. வருஷத்துக்கு ஒரு அணி. காண்ட்ராக்ட் எம்ப்ளாயி மாதிரி. யாரும் அவரைச் சுத்தி ஒரு அணியைக் கட்டல. ஆனா இளைஞர்கள் நிறைய இருக்கிற ஒவ்வொரு அணியும் "ஒரு அண்ணா வேணும்"னு கூப்பிட்டது. அந்த ஒப்பந்தங்களுக்கு நடுவுல ஒருத்தர் எட்டு சீசன் தாக்குப்பிடிச்சார்னா, அது வேகத்தால இல்ல, முடியாது. இருபத்திரண்டு வயசு ரைடரைவிட வேகமா நாற்பத்து நாலு வயசு கால் போகாது. எப்ப பாயக்கூடாதுன்னு தெரிஞ்சதால. என் அண்ணன் அன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டதும் இதைத்தான்.

2018ஐக் கொஞ்சம் நின்னு பாக்கணும். அந்த மே மாச ஏலத்துல ப்ரோ கபடி ஏலத்தோட முதல் கோடி ரூபாய் விழுந்தது. யாருக்குத் தெரியுமா? ரைடருக்கு இல்ல. ஃபாஸல் அத்ராச்சலிக்கு. லெஃப்ட் கார்னர்! யு மும்பா ஒரு கோடிக்கு எடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச எல்லா கார்னர் பசங்களும் அன்னைக்கு அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வச்சாங்க. அமெரிக்காவுல 1993ல வில் வுல்ஃபோர்டுக்கு நடந்தது மாதிரி ஒரு நாள். ஆனா அவசரப்படாதீங்க. அந்த ஏலம் முடியும்போது கோடி தாண்டினவங்க ஆறு பேர். மத்த அஞ்சு பேரும் பாயிண்ட் எடுத்துட்டு வர்றவங்க, மோனு கோயத் ஒரு கோடியே ஐம்பத்தொரு லட்சம். கதவைத் திறந்தது டிஃபென்டர், உள்ளே போனது ரைடருங்க.

அதே வருஷம் ஆகஸ்ட்ல ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ். 1990லேர்ந்து ஆண்கள் தங்கத்தை விடாத இந்தியா, செமிஃபைனல்ல ஈரான்கிட்ட 18-27னு தோத்தது. 18 பாயிண்ட்! உலகத்தோட சிறந்த ரைடருங்க எல்லாரும் நம்மகிட்ட இருந்தும் 18. ஃபாஸலும் அவர் கூட்டாளிகளும் சும்மா இடமே கொடுக்கல. டிஃபென்ஸ் ஜெயிக்கும்னு இதைவிட யாரும் தெளிவா காட்டிட முடியாது.

அப்புறம் அந்த அக்டோபர்ல ஆறாவது சீசன் தொடங்கினப்ப யு மும்பாவோட லெஃப்ட் கார்னர்ல ஃபாஸல், ரைட் கார்னர்ல சேரலாதன். பாட்னாவுல கோப்பை எடுத்த அதே ஜோடி. ரெண்டு பேருக்கும் பதினேழு வயசு வித்தியாசம், பேச பொது மொழி பெருசா இல்ல. ஆனா கார்னர் ஜோடிக்கு ஒரு விஷயம் புரிஞ்சா போதும்: அவன் அந்தப் பக்கம் ரைடரைத் தள்ளினா இவர் பக்கம் வருவான்.

அதை எங்க ஊர் பாக்கல. நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியா உள்ளே போச்சு. கீரமங்கலம், ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் தென்னை மரம் நிக்கிற இடத்துல மரம் இல்ல. கரண்ட் கம்பம் வரிசையா சாஞ்சு கிடந்துது. வாரக்கணக்கா கரண்ட் இல்ல. நான் சென்னையில வேலையில புதுசு. ஊர்ல செல்ஃபோன் சார்ஜ் போட ஜெனரேட்டர் வச்சு காசு வாங்கினாங்க. அண்ணன் ஒரு ராத்திரி போன் பண்ணார், குத்தகைத் தோப்புல எத்தனை மரம் போச்சுன்னு சொன்னார், அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். அவரே கேட்டார்: "நேத்து மேட்ச்ல அண்ணா எத்தனை பிடிச்சாரு?"

நான் ஸ்கோர்கார்டைத் திறந்து டேக்கிள் பாயிண்டைச் சொன்னேன். "அது இல்லடா, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாரு?" அது ஸ்கோர்கார்டுல இல்ல. அதனால அந்த சீசன்ல மிச்சம் இருந்த யு மும்பா மேட்சை எல்லாம் நான் ராத்திரி உக்கார்ந்து எண்ணினேன். ரைடர் ரைட் கார்னர் பக்கம் எத்தனை தடவை வந்தார், எத்தனை தடவை வெறுங்கையோட போனார். எக்ஸெல்ல போட்டு அண்ணனுக்கு அனுப்புவேன், ஃபோன்ல சார்ஜ் இருக்கும்போது அவர் பாப்பார். உண்மையைச் சொல்லணும்னா அந்த ஷீட் சரியா வரல. ரைடர் திரும்பிப் போனது கார்னரைப் பாத்தா, கவரைப் பாத்தா, இல்ல டைம் முடிஞ்சா? பாதி ரெய்டுல என்னால முடிவு பண்ண முடியல. கோடு எழுதறவன்தான், மனுஷன் காலைப் படிக்கத் தெரியல.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ப்ரோ ஃபுட்பால் ஃபோகஸ்னு ஒரு நிறுவனம், இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் தொடங்கினது. ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒவ்வொரு ஆளையும் வீடியோவுல பாத்து, மைனஸ் ரெண்டுலேர்ந்து பிளஸ் ரெண்டு வரைக்கும் மார்க் போடுவாங்க. பந்தைத் தொடாத லைன்மேனுக்கும் மார்க். அந்த மார்க்கைப் பத்தி சண்டை உண்டு, "நான் என்ன வேலையில இருந்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"னு வீரர்களே கேப்பாங்க. ஆனா ஒரு லைன்மேன் சம்பளம் பேசப் போகும்போது கையில ஒரு நம்பர் இருக்கு. நம்ம கார்னர் பையன் ஏலத்துக்குப் போகும்போது அவன் கையில இருக்கிறது டேக்கிள் பாயிண்டும் 'ஹை ஃபைவ்' எண்ணிக்கையும். அதை மட்டும் வச்சு விலை போட்டா என்ன ஆகும்? பையன் பாய ஆரம்பிப்பான். பாயக்கூடாத ரெய்டுலயும் பாய்வான், ஏன்னா அசையாம நின்னா கணக்குல வராது. நான் இதை ப்ரோ கபடியில மட்டும் பாக்கல. போன பொங்கலுக்கு எங்க ஊர் மின்னொளிக் கபடியிலயும் பாத்தேன், பதினேழு வயசு கார்னர் ஒருத்தன் ஒவ்வொரு ரெய்டுக்கும் பாய்றான், பிடிச்சா ரீல்ஸ், விட்டா ரெண்டு பாயிண்ட் காலி.

இங்க ஒரு எதிர்வாதத்தையும் சொல்லிடணும், இல்லன்னா கமெண்ட்ல வந்து உதைப்பீங்க. கார்னரும் லைன்மேனும் ஒண்ணு இல்ல. கார்னருக்கு பாயிண்ட் கிடைக்குது, பேர் கிடைக்குது, ஃபாஸலுக்கு சிலையே வைக்கலாம். 2023 ஏலத்துல ஷாட்லூய் ரெண்டு கோடியே முப்பத்தஞ்சு லட்சம் போனார், அவர் அடிப்படையில பிடிக்கிற ஆள்தான், ரெய்டும் போவார். சரியா சொன்னா நம்ம லைன்மேன் கார்னர் இல்ல, கவர். யு மும்பா 2015ல சாம்பியன் ஆனப்ப அந்த டிஃபென்ஸ்ல தமிழ்நாட்டு ஜீவா குமார் இருந்தார், கவர். அந்த சீசன் பாத்த எத்தனை பேருக்கு அவர் பேர் ஞாபகம் இருக்கு? ஆமா, எனக்கும் தேடித்தான் வந்தது.

எட்டாவது சீசன் பெங்களூர்ல ஒரே ஹோட்டலுக்குள்ள, கொரோனாவால ஆடியன்ஸ் இல்லாம நடந்தது. கைதட்டல் சத்தம் ஸ்பீக்கர்லேர்ந்து வந்தது. நான் ஒயிட்ஃபீல்டுல அந்த ஹோட்டல்லேர்ந்து கொஞ்ச தூரத்துலதான் வாடகைக்கு இருந்தேன், அந்தப் பக்கமா பைக்ல போவேன், உள்ளே 46 வயசுல ஒருத்தர் முட்டியை மடக்கி நிக்கிறார்னு நினைச்சுக்குவேன்.

2024ல தமிழ் தலைவாஸ் அவரைப் பயிற்சியாளரா கூப்பிட்டாங்க, உதயகுமாரோட சேர்ந்து. அந்த வருஷ ஏலத்துல தலைவாஸ் அதிகம் செலவு பண்ணது ஒரு ரைடருக்கு, சச்சின் தன்வர், ரெண்டு கோடியே பதினஞ்சு லட்சம். அந்த சீசன்ல அணி பிளேஆஃப் போகல. அடுத்த வருஷம் கோச் மாறினார். கோச் வேலையும் வருஷ காண்ட்ராக்ட்தான்.

இந்த ஸ்கிரிப்டை எழுதி முடிச்சிட்டு அண்ணனுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். தோப்புல புதுக் கன்னு வச்சு காய்க்க ஆரம்பிச்சிடுச்சு, அதுல பிஸியா இருந்தார். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது, பதினோரு செகண்டு. "எல்லாம் சரிதான்டா. ஆனா அந்த ஃபைனல்ல மூணு ரெய்டு இல்ல, நாலு. நீ ஒண்ணைத் தூங்கிட்ட."